சம்பந்தி வீட்டு வண்டிக்கு இரண்டு விளக்குகள்

விருதுநகரில் சாத்தூர் பஸ் ஏறியதும், நடத்துநர் டிக்கெட் கொடுப்பதற்கு முன் என் மடியிலிருந்த அட்டைப்பெட்டியைக் காட்டி, "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"லைட்டுங்க."

"வெடியா?"

"இல்லீங்க. மோட்டார் சைக்கிளுக்கு மாட்டுற லைட்."

அவர் நம்பவில்லை. பெட்டியைத் திறந்து காட்டினேன். எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிதாக இரண்டு கறுப்பு விளக்குகள், தீப்பெட்டி அளவில் ஒரு ரிலே, ஒரு பியூஸ், ஒரு சுவிட்ச், சிவப்பிலும் கறுப்பிலும் மஞ்சளிலும் வயர் சுருள்கள், நாலாக மடித்த ஒரு விளக்கத்தாள். நடத்துநர் ஒரு விளக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "இங்கேருந்துதான் பொட்டி பொட்டியா வெளியூருக்குப் போகும். அண்ணாச்சி வெளியூர்லேருந்து பொட்டி கொண்டாந்திருக்காக."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோவையில் பஸ்ஸில் மடியில் பெட்டி வைத்திருப்பவனிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நானும் முப்பது வருடமாக யாரிடமும் கேட்டதில்லை.

பெட்டியை என்னிடம் கொடுத்தவர் மாப்பிள்ளை பிரபு. அவரும் என் மகள் கவிதாவும் கோவையில் இருக்கிறார்கள். பிரபுவின் அப்பா முனியசாமி, அம்மா மாரித்தாய் இருவரும் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறார்கள். முனியசாமிக்கு மருந்து கலக்கும் வேலை, மாரித்தாய்க்கு வெடிகளைச் சரமாகப் பின்னும் வேலை. இருபத்திரண்டு வருடமும் ஒன்றாகவே போய் வந்தார்கள். முதலில் சைக்கிளில், பிறகு மோட்டார் சைக்கிளில். போன தை மாதம் விடிவதற்கு முன்னால், சாலையோரம் கொட்டிக் கிடந்த ஜல்லியில் வண்டி ஏறிச் சாய்ந்துவிட்டது. மாரித்தாய்க்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. கை கூடிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவர் கணவரின் வண்டியில் ஏறவில்லை. கம்பெனி வேனில் போய் வருகிறார்.

"இருட்டுக்குப் பயப்படறாங்க மாமா. லைட் மாட்டிட்டா ஏறிடுவாங்க" என்றார் பிரபு. "அப்பா போன்ல ஒண்ணும் சொல்றதில்ல. லைட் எப்ப வரும்னு மட்டும் தினமும் கேக்கறார்."

பிரபுவுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கு நான்கு நாள் இருந்தது. நான் வேலை பார்ப்பது ஒரு பம்பு கம்பெனியின் பதிவேட்டுப் பிரிவில். வயர் என்று நான் கையால் தொட்டது வீட்டில் பியூஸ் போனபோது மட்டும்தான். பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், உள்ளூர் மெக்கானிக் மாட்டிவிடுவார் என்பது ஏற்பாடு.

சாத்தூருக்குச் சற்று முன்னால் பஸ் நின்றுவிட்டது. ஏதோ பெல்ட் அறுந்துவிட்டதாம். நாற்பத்தைந்து நிமிடம் வேலிக்கருவை நிழலில் நின்றோம். நிழல் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அம்மாள் ஒருவர் கூடையோடு எங்களைத் தேடி வந்தார். பிஞ்சை நாலாகக் கீறி மிளகாய்ப்பொடி தடவிக் கொடுத்தார். கடித்ததும் தண்ணீர் தொண்டைவரை குளிர்ந்தது. இங்கே பூமி இத்தனை காய்ந்து கிடக்க, பிஞ்சுக்குள் இவ்வளவு தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"அது கெடக்கு. எங்க போறீக?"

"சம்பந்தி வீட்டுக்குங்க."

"சம்பந்தி வீட்டுக்கா? ஒரு பளம் இல்ல, பலகாரம் இல்ல. இந்தப் பொட்டியத் தூக்கிக்கிட்டா போவாக?"

வெட்கமாகப் போயிற்று. சாத்தூரில் இறங்கியதும் ஒரு கிலோ காராச்சேவு, இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். காராச்சேவை சாத்தூரிலேயே இருப்பவர்களுக்கு வாங்கிக்கொண்டு போகிறோம் என்பது ஆட்டோவில் பாதி வழி போன பிறகுதான் உறைத்தது.

முனியசாமி தெருமுனையில் காத்திருந்தார். ஒல்லியான மனிதர். விரல் நுனிகளில் எவ்வளவு கழுவினாலும் போகாத பட்டாசு மருந்தின் வெள்ளி நிறம். "வாங்க சம்பந்தி, வாங்க. சாப்பிட்டீகளா?" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். கல்யாணம் முடிந்து ஒன்றரை வருடத்தில் அவர்கள் வீட்டில் நான் தங்குவது இதுவே முதல் தடவை. எனக்கென்று புதுத் துண்டு, புது சோப்பு, புது பிளாஸ்டிக் நாற்காலி. நான் தண்ணீர் மொள்ளக்கூட எழுந்திருக்க முடியவில்லை. மாரித்தாய் காராச்சேவுப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "எங்க ஊரு சேவ எங்களுக்கே கொண்டாந்த மொத ஆளு நீங்கதான் அண்ணே" என்றார். பிறகு தட்டில் கொட்டி எனக்கே வைத்தார்.

சனிக்கிழமை 4.50க்கு எழுந்தேன். இங்கே கம்பெனிகளில் மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். அதனால் ஊரே இருட்டில் புறப்படுகிறது. முனியசாமி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன் சீட்டைத் துடைத்தார், பின் சீட்டையும் அதே அளவு அழுத்தித் துடைத்தார். 5.15க்குத் தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. மாரித்தாய் தூக்குச்சட்டியோடு வாசல் தாண்டினார். வேனுக்குள்ளிருந்து ஒரு குரல்: "என்னக்கா, அண்ணன்கூட இன்னும் ராசி ஆகலையா?"

"ஒன் வாயில சரவெடிய வைக்க" என்றார் மாரித்தாய். வேன் முழுக்கச் சிரிப்பு. வேன் போனது. முனியசாமி ஒரு நிமிடம் கழித்து வண்டியைக் கிளப்பினார்.

மாலை நான்கு மணிக்கு அவரோடு மெக்கானிக்கைப் பார்க்கப் போனேன். சீசன் நேரம். பட்டறை வாசலில் லோடு ஆட்டோக்கள் வரிசையில் நின்றன. "தீவாளி கழிச்சு வாங்க" என்றார் மெக்கானிக், தலையை நிமிர்த்தாமல்.

முனியசாமி வண்டியைத் திருப்பினார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நாமளே மாட்டுவோம் சம்பந்தி. எம்புட்டு மருந்து கலக்கியிருக்கேன், ரெண்டு லைட்டு மாட்ட முடியாதா?"

"எனக்கும் தெரியாதுங்க. தாளைப் படிச்சுச் சொல்றேன், நீங்க மாட்டுங்க."

"அய்யோ, சம்பந்திய வேல வாங்கலாமா?"

"படிக்கறது வேலையில்லீங்க."

"நீங்க ஒங்க ஊர்ல நாய வெரட்டுறதுக்கும் 'போங்க'ன்னுதான் சொல்லுவீகளோ?" என்று கேட்டுச் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். இன்சுலேஷன் டேப் வாங்கி வருகிறேன் என்று உடனே கிளம்பிப் போனார்.

அவர் போன பிறகு மாரித்தாய் டீ கொண்டு வந்தார். பெட்டியைப் பார்த்தபடி நின்றார்.

"இது மாட்டினா நான் வண்டியில ஏறுவேன்னு பிரபு சொன்னானா?"

"ஆமாங்க."

"இருட்டு எனக்குப் புதுசா அண்ணே? இருபது வருசமா இருட்டுலதான் போறேன்." டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "அன்னைக்கு விளுந்தேன்ல, அவுக எங்கிட்ட வரல. வண்டியத்தான் மொதல்ல தூக்குனாக. அத அந்தப் பக்கமாத் தள்ளிக் கொண்டுபோயி நிறுத்திட்டு அப்பறந்தான் வந்தாக. நான் ரோட்டுல கெடக்கேன். கை தொங்குது." குரலில் அழுகை எதுவும் இல்லை. "வண்டி அப்பத்தான் தவண முடிஞ்ச வண்டி. அது கெடக்கட்டும். ஆனா மறுபடி அந்தச் சீட்டுல உக்கார மனசு வரல. இத யாருகிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லிராதீக."

சொல்ல மாட்டேன் என்றேன். அன்றைய நாட்குறிப்பில் பெல்ட் அறுந்த பஸ், வெள்ளரிப்பிஞ்சு, மெக்கானிக் எல்லாம் இருக்கின்றன. இது இல்லை. இப்போது எழுதுவது அவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி விடுமுறை. காலை எட்டரைக்குத் தொடங்கினோம். நான் விளக்கத்தாளை ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் பதினோரு வரியாக எழுதி வைத்திருந்தேன். முனியசாமி வேலை தொடங்குமுன் அடிகுழாயின் இரும்பைக் கையால் தொட்டுவிட்டு வந்தார். கம்பெனியில் அறைக்குள் நுழையுமுன் வாசலிலுள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டுமாம். உடம்பிலுள்ள மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். வீட்டில் செம்புத் தகடு இல்லாததால் அடிகுழாய். "நீங்களும் தொட்டுட்டு வாங்க சம்பந்தி" என்றார். தொட்டுவிட்டு வந்தேன்.

விளக்கு இரண்டையும் வண்டியின் முன்னால் உள்ள காப்புக் கம்பியில் முடுக்கினோம். இடது விளக்கு தரையிலிருந்து ஐம்பத்தொரு சென்டிமீட்டர் உயரம், வலது ஐம்பத்து மூன்று. அவிழ்த்து மறுபடி முடுக்கினோம். அடுத்தது வயர். என் தாளில் ஐந்தாவது வரியை நான் படிக்குமுன்பே முனியசாமி வேலையை முடித்துவிட்டார். பேட்டரியிலிருந்து சிவப்பு வயர் முதல் விளக்குக்கு, முதல் விளக்கின் கறுப்பு இரண்டாவது விளக்கின் சிவப்புக்கு, அதன் கறுப்பு மறுபடி பேட்டரிக்கு. முறுக்கிய ஒவ்வொரு இணைப்பும் அளந்தது போல ஒரே நீளம்.

"தாளில் வேற மாதிரி போட்டிருக்குதுங்க" என்றேன்.

"சரம் இப்படித்தான் சம்பந்தி. மொதல்லத பத்த வச்சா அடுத்தது தன்னால பத்திக்கிடும்."

சம்பந்தியை எதிர்த்துப் பேச எனக்கு வரவில்லை. சுவிட்சைப் போட்டோம். இரண்டு விளக்கும் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்போல மினுக்கென்று விழித்தன, மூடின, விழித்தன. முனியசாமி குனிந்து பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாரித்தாய் சொன்னார்: "சரம் பின்னுறவ நானு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா? வெடிக்குள்ள மருந்து அததுக்குத் தனியா இருக்கு, நெருப்பு மட்டுந்தான் கை மாறும். இதுக்கு மருந்து பேட்டரியில இருந்துல்ல வரணும்? ஒரு டீய ரெண்டு டம்ளர்ல ஊத்தினா ஆளுக்கு அரை டம்ளர்தான். ரெண்டுக்கும் தனித்தனியா ஊத்துங்க."

தாளிலும் அதுதான் இருந்தது. விளக்குக்கு ஒரு சிவப்பு, விளக்குக்கு ஒரு கறுப்பு. முறுக்கியதையெல்லாம் முனியசாமி பிரித்தார். பிரிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மாரித்தாய் வெங்காயத் தட்டை வைத்துவிட்டு வந்து, வண்டிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வயர்களைப் பின்ன ஆரம்பித்தார். வலது கை மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். விரல்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

வயரைப் பெட்ரோல் டாங்குக்கு அடியில் கொண்டுபோக வேண்டும் என்பது எட்டாவது வரி. டாங்கைக் கழற்றும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன், சும்மா படித்துக்கொண்டே இருப்பது சங்கடமாக இருந்ததால். டாங்கின் அடியில் பெட்ரோலை நிறுத்தும் சிறு பிடி ஒன்று உண்டு. அதை மூட வேண்டும் என்று நான் எழுதவில்லை. தாளிலும் இல்லை. டியூபை இழுத்தேன். பெட்ரோல் என் கைமேல் கொட்டி, கீழே உட்கார்ந்திருந்த மாரித்தாயின் சேலையில் வழிந்தது. அவருக்கு ஒரு சாண் தள்ளித் தரையில், கழற்றி வைத்திருந்த பேட்டரி, வயர்களோடு.

நான் டாங்கின் குழாய் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நின்றேன். வேறெதுவும் தோன்றவில்லை. முனியசாமி மாரித்தாயைத் தொடவில்லை. பேட்டரியை வயரோடு மார்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி எதிரேயிருந்த காலி மனைக்கு ஓடினார். அதை அங்கே வைத்துவிட்டு ஓடி வந்து, என் விரலுக்கு மேலிருந்த பிடியைத் திருகி மூடினார். டாங்கைத் தூக்கி இன்னொரு பக்கம் கொண்டுபோய் வைத்தார். அதற்குப் பிறகுதான் மாரித்தாயின் கையைப் பிடித்து எழுப்பினார். அவ்வளவும் நான் இரண்டு தடவை மூச்சு விடும் நேரத்துக்குள். பிறகு இரண்டு கையாலும் மணலை அள்ளி வந்து தரையில் கொட்டினார்.

மாரித்தாய் நனைந்த சேலையோடு நின்று அவரையே பார்த்தார்.

"அன்னைக்கும் இதத்தான் செஞ்சீகளா?"

"என்னைக்கு?"

"ஜல்லியில விளுந்த அன்னைக்கு."

"பின்ன? ஒன் சேல பூரா பெட்ரோலு. முன் லைட்டு ஒடஞ்சு வயரு ரெண்டும் ஒரசிப் பொறி தெறிக்குது. ஒன்னத் தூக்கிக்கிட்டு நின்னா வண்டி அங்கனயேதான கெடக்கும்?" மணலைக் காலால் பரப்பிக்கொண்டே சொன்னார். கலக்கும் அறையில் எதை எதை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்வதுபோல இருந்தது. "ரெண்டும் ஒரே எடத்துல இருக்கக் கூடாது மாரி. ஒனக்குத் தெரியாததா?"

"எனக்குக் கை வலிதான் தெரிஞ்சுது. பெட்ரோலு வாடை தெரியல."

"ஆமா, நீ மயங்குற மாதிரி இருந்த."

"இத எட்டு மாசமா சொல்றதுக்கென்ன?"

"சொன்னா பயந்துருவ. சேலையில பெட்ரோலோட கெடந்தோம்னு நெனச்சு நெனச்சு ஒறங்க மாட்ட." சற்று நிறுத்தி, "நீயும் கேக்கலையே" என்றார்.

"கேக்குறதா இது?" என்றார் மாரித்தாய். குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடப் போய், பெட்ரோல் வாடையில் முகத்தைச் சுளித்து, சேலை மாற்ற உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை.

முனியசாமி கையில் மணலோடு என்னிடம் வந்தார். "என்ன சம்பந்தி, எதுக்கு இப்ப அழுவுறா? ஒங்ககிட்ட எதும் சொன்னாளா?"

"அவங்ககிட்டயே கேளுங்க சம்பந்தி" என்றேன். வாக்குக் கொடுத்திருந்தேன்.

அவர் மணலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், காலி மனையில் தனியாக இருந்த பேட்டரியைப் பார்த்தார். மெதுவாகப் புரிந்துகொண்டார். "வண்டியப் பெருசா நெனச்சேன்னு நெனச்சுட்டாளா?" என்று கேட்டார்.  தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் தெருவைத் தாண்டிப் போய்ப் பேட்டரிக்குக் காவலாக நின்றேன். இரண்டு ஆடுகள் வந்து பார்த்துவிட்டுப் போயின.

அன்று சாப்பாடு இரண்டரை மணிக்குத்தான். சீரகச் சம்பா சோறு, கோழிக்குழம்பு. எங்கள் ஊர்க் குழம்பில் தேங்காய் பேசும், இங்கே மிளகாய் வற்றல் பேசுகிறது. எனக்குக் கண்ணீர் வந்தது. யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. மாரித்தாய் எனக்குப் பரிமாறிவிட்டு, முனியசாமியின் தட்டில் கேட்காமலே ஈரல் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டார். "எனக்கு இல்லீங்களா?" என்று கேட்டால் என்ன என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்தது. வயர்கள் மாரித்தாய் பின்னியபடி, வண்டிச் சட்டத்தோடு ஒட்டி மயிரிழை பிசகாமல் போயின. இருட்டத் தொடங்கியதும் எதிர்வீட்டுச் சுவரில் விளக்கின் உயரத்துக்குச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்து, வெளிச்சம் கோட்டுக்குக் கீழேயே விழும்படி சாய்வு பார்த்தேன். எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கக் கூடாது என்பது கடைசி வரி. சுவிட்சைப் போட்டதும் சுவர் வெள்ளையாக எழுந்து நின்றது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "ஏலே முனியசாமி, எங்க வீட்டுக்கு வெள்ளையடிக்கிறியா?" என்றார்.

"நல்லா அடிச்சிருக்கோம்ல?" என்றார் முனியசாமி.

மறுநாள் ஏறுவதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, மாரித்தாயும் சொல்லவில்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை 5.10. வெளியே நல்ல இருட்டு. முனியசாமி வண்டியைத் தெருவில் இறக்கி நிறுத்தினார். மாரித்தாய் தூக்குச்சட்டியோடு வந்து வாசலில் நின்றார். தெருமுனையில் வேன் வந்து ஹாரன் அடித்தது. ஒன்று. கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று.

"ஏ அக்கா, வாறியா இல்லியா?"

மாரித்தாய் தெருமுனைப் பக்கம் கழுத்தைத் திருப்பி, "நீங்க போங்கடி" என்றார்.

வேன் ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. பிறகு கிளம்பிய குலவையில் தெரு நாய்களெல்லாம் எழுந்துவிட்டன. முனியசாமி திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி ஆடாமல் இருக்க இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டார். மாரித்தாய் சேலையை ஒதுக்கி, தூக்குச்சட்டியை மடியில் வைத்து, பக்கவாட்டில் உட்கார்ந்து, வலது கையை அவர் தோளில் வைத்தார்.

"வாறேன் அண்ணே. கவிதாட்ட சொல்லுங்க" என்றார் என்னிடம். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை.

"லைட்டப் போடவா சம்பந்தி?" என்று முனியசாமி கேட்டார்.

"போடுங்க."

தெரு கடைசிவரை தெரிந்தது. சாணி, கல், யாரோ விட்டுப்போன செருப்பு, எல்லாம்.

"மெதுவாப் போங்க."

"மெதுவாத்தான போவேன்."

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீக."

வண்டி நகர்ந்தது. வெளிச்சம் அவர்களுக்கு முன்னால் போயிற்று. எனக்குத் தெரிந்தது பின்னால் எரிந்த சின்னச் சிவப்பு விளக்கும், அதற்கு மேலே இருவரின் நிழலுருவமும்தான். தெருமுனையிலிருந்த வேகத்தடையில் வண்டி மெல்ல ஏறி இறங்கியபோது, மாரித்தாயின் கை தோளிலிருந்து இறங்கி முனியசாமியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.